இது செல்லும்

அமெரிக்காவின் மொபீல் நகரில் பலகை அடித்து அடித்து என் வலது தோள் மரத்துப்போயிருந்தது. அதனால் கட்டட நிறுவனத்தின் அச்சடித்த ஒப்பந்தத்தில் இடது கையால்தான் இரண்டு பிரிவுகளுக்குக் கோடு கிழித்தேன். ஒன்று, கூலி தொண்ணூறு நாள் கழித்துத்தான். மற்றது, என் வேலையில் யாருக்கு அடிபட்டாலும், தப்பு நிறுவனத்துடையதானாலும், செலவு என் தலையில்.

மேலாளர் ராண்டல் சிரித்தான். "என்னப்பா வெர்லின், வக்கீலாயிட்டியா? ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோ. வெளிய மூணு பேரு நிக்கிறான்."

"ஆளுங்களுக்கு வாராவாரம் சம்பளம் குடுக்கணுமே."

"அப்ப முப்பது நாள்னு மாத்திக்கோ. அடிபடுற சமாச்சாரம் கிடக்கட்டும். இதுவரைக்கும் யாருய்யா விழுந்தான்?"

முப்பது என்று திருத்தினேன். கோடு கிழித்த மற்றப் பிரிவு மறுபடி சேரும்படி, அதன் பக்கத்தில் 'இது செல்லும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் வாரம் நிறுவனம் கட்டிய சாரம் சரிந்து, எங்களுக்கு ஒத்தாசையாக ஏறிய பெயிண்டர் டெல்மரின் இடுப்பு முறிந்தது. அவன் நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்டான். ராண்டல் அந்தப் பக்கத்தின் நகலை எனக்கு அனுப்பினான். என் கோணல் எழுத்து தெளிவாக விழுந்திருந்தது.

கூலி முப்பதாம் நாள் சரியாக வந்தது. ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுப் பலகை தூக்கப் போனேன்.

டெல்மருக்கு நான் தர வேண்டியது நாற்பத்தோராயிரம் டாலர்.