பெட்டிக்குப் பின்னால்

அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான், கட்டிலின் கால்மாட்டில் நின்ற, படமெடுக்கும் பெட்டியின் மூடி திறந்தே கிடப்பதை மூத்தவள் கவனித்தாள். மதியத்திலிருந்து அது அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மூடியைச் சாத்தினாள்.

"யாருடா தொறந்தது?"

"அப்பாதான் படம் எடுக்கணும்னாரு. நான்தான் தொறந்து வெச்சேன்." தம்பியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "பக்கத்துலயேதான் இருந்தேன்க்கா. தூக்கத்துலயே போயிட்டாரு."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "புள்ள பக்கத்துலயே இருந்தான், தனியாப் போகல" என்று சொல்லிச் சொல்லித்தான் அவளால் மூச்சுவிட முடிந்தது.

அப்பா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தவர். வீட்டில் படம் பிடிக்கவோ லென்ஸ் வைத்த கேமராவே ஆகாது. ஊசித்துளை வழியே படம் பிடிக்கும் பெட்டியும் சலித்துப்போய், பிளேடுகளை நெருக்கி ஒட்டி மயிரிழை அகலத்தில் இரண்டு இடுக்குகள் செய்தார். முன்னால் படுக்கைவசத்தில் ஒன்று, கொஞ்சம் தள்ளி உள்ளே நெட்டுக்குத்தாக ஒன்று. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் வெளிச்சம் கசிந்து, பின்னாலுள்ள காகிதத்தில் படம் விழ மணிக்கணக்காகும். எல்லோரும் மேலும் கீழுமாக இழுபட்டு ஒட்டடைக் கம்பு போல வருவார்கள். சித்தப்பா தன் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னை என்ன கொடியில காயப் போட்டியா?" என்று கேட்டுப் பல நாள் பேசாமலிருந்தார். மூடி திறந்திருக்கும்போது குறுக்கே யாராவது நடந்தால் தொலைந்தார்கள். அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அந்தப் படத்தைக் கழுவிக் கொண்டாம்மா" என்றாள் அம்மா. "அவரைக் கொண்டுபோறதுக்குள்ள பாத்துடறேன்."

மூத்தவள் குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, சிவப்பு பல்பைப் போட்டாள். தம்பி கூடவே வந்து கதவைத் தாழிட்டான். தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் காகிதத்தை ஆட்டியபோது கட்டில் வந்தது, தலையணை வந்தது. கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் வரும். மாற்றிப் படிக்க அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கறுப்பு நாற்காலி வெள்ளையாக வந்தது, முதுகுச் சட்டம் ஒன்றுகூட மறையாமல். யாராவது கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்திருந்தாலும் புகை போலவாவது படிந்திருக்கும்.

பிறகு கை வந்தது. போர்வைக்கு வெளியே பக்கவாட்டில் நீண்டு, நாற்காலியின் மேல் கிடந்தது. முகம்கூட மூச்சில் கலங்கியிருந்தது. கை மட்டும் விரல் விரலாகத் தெளிவாக இருந்தது. அப்பா போனதும் அவள் போய்ப் பார்த்தபோது அவரது இரண்டு கைகளும் மார்பின் மேல் இருந்தன.

"எங்கடா இருந்த?"

தம்பி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்டிக்குப் பின்னாடி."

"என்னது?"

"கையை நீட்டி நாற்காலி மேல வெச்சாரு. அசைக்கவே இல்ல. படத்துக்காகத்தான் வெச்சிருக்காருன்னு நெனச்சேன். குறுக்க போனா திட்டுவாரே... நின்னுட்டே இருந்தேன்க்கா. ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் நான்தான் கையை எடுத்து மேல வெச்சேன்."

அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. அதற்குள் அம்மா கதவைத் தட்டினாள்.

"வந்துடுச்சா?"

வெள்ளை விளக்கைப் போட்டால் போதும், காகிதம் முழுக்கக் கறுத்துவிடும். மூத்தவளின் கை சுவிட்ச் வரை போனது. அப்பாவின் கடைசிப் படம் அது. மனசு கேட்காமல் கையை எடுத்து, படத்தை நிலைக்கவைக்கும் அடுத்த தட்டில் காகிதத்தை நழுவவிட்டாள்.

அம்மா ஈரக் காகிதத்தைக் கூடத்து ஜன்னலோரம் ஏந்திப் பார்த்தாள்.

"கை ஏன் இவ்வளவு நீளமா இருக்கு?"

"பெட்டி இழுத்திருக்கும்மா."

"இது உயரத்தைத்தானே இழுக்கும்."

குற்றம் சொல்லும் குரலில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் சொன்னாள். பிறகு படத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வண்டி வந்துவிட்டதா என்று வாசலில் யாரோ கேட்டார்கள்.

காகிதத்தை மகளிடம் கொடுத்துவிட்டு அம்மா மகனிடம் திரும்பினாள்.

"வண்டி வர இன்னும் நேரம் இருக்கு. போய் அவர் பக்கத்துல உக்காருப்பா."

அவன் அறைக்குள் போனான். மூடிக்கிடந்த பெட்டியின் அருகே வந்ததும் நின்றான். பிறகு அதன் பார்வையில் படாதபடி நன்றாகக் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்தே அதைத் தாண்டி, நாற்காலிக்குப் போனான்.