ஏறியதும் ஏற்றியதும்

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு, திருக்கனூர் கடைத்தெருவில் விஜயராஜின் மளிகைக் கடை மெழுகுவர்த்திகள் அலமாரியை விட்டு எழும்பிக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டன. அதற்குச் சற்று முன்புதான் பத்து ரூபாய் மெழுகுவர்த்தியை அவர் நாற்பது என்று சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், "வெலை ஏறிடுச்சுபா, நான் இன்னா பண்றது?" என்றார். தண்ணீர்க் கேனுக்கும் அதையே சொன்னார், கேன்கள் ஏறின. பால்பவுடருக்கும் சொன்னார்; டப்பாக்கள் ஏறின. காற்று தகரத்தைப் பிய்த்திருந்த இடைவெளி வழியே எல்லாம் வெளியேறி, விலைக்கேற்ற உயரத்தில் தெருவின்மேல் நின்றன. மெழுகுவர்த்தி மாடி உயரம், பால்பவுடர் பனைமர உயரம். ஏணி வைத்து எட்டினால் இன்னொரு முழம் விலகின.

மதியம் அதிகாரி ஒருவர் அரசாணையோடும் அளவு நாடாவோடும் வந்தார். பேரிடர் நாளில் விலையை ஏற்றினால் கடைக்குச் சீல் என்று படித்துவிட்டு, "ஏத்துனீங்களா?" என்று கேட்டார்.

"நான் ஏத்தல சார். அதுவா ஏறுச்சு."

அதிகாரி மேலே பார்த்தார். அதுவாகத்தான் ஏறியிருந்தது. தானாக ஏறுவதற்கு ஆணையில் பிரிவு இல்லை என்று எழுதிக்கொண்டார்.

பக்கத்துக் கடைக் கலைச்செல்வனின் தார்ப்பாய்களும் காலையிலேயே ஏறியிருந்தன. அவர் விளக்கினார்: "ஏறுனாதான் சார் விழுப்புரத்து லாரிக்காரன் வெள்ளத்துல வருவான். பழைய வெலைக்கு வித்தா மொத வர்றவனே மொத்தத்தையும் அள்ளினு பூடுவான்." அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"வந்ததெல்லாம் மேலதான நிக்குது? காக்காவுக்கா வாங்கியாந்தீங்க?" என்றாள் கரும்பு வெட்டும் மணியம்மாள்.

அப்போதுதான் சுத்துக்கேணியிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் சல்மா வந்து சேர்ந்தாள். வீட்டில் தாய்ப்பால் போதாத இரண்டு மாதக் குழந்தை. ஊரில் வேறெங்கும் பால்பவுடர் இல்லை. அண்ணாந்து டப்பாக்களைப் பார்த்தாள். பிறகு காலையிலிருந்து பட்டினியாக அண்ணாந்துகொண்டிருந்த விஜயராஜைப் பார்த்தாள். பள்ளிவாசலில் கொடுத்திருந்த தக்காளிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை அவரிடம் நீட்டினாள்.

"சாப்டீங்களாண்ணே? மூஞ்சி வாடிக் கெடக்குது."

"பொட்டலம் இன்னா வெலைமா?" பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"சோத்துக்கு யாருண்ணே வெலை வச்சாங்க? சாப்பிடுங்க."

விஜயராஜ் வாங்கி ஒரு கவளம் வாயில் போட்டார். கடவுள் சிலருக்குச் சோற்றுப் பொட்டலமாகத்தான் வருவார் போலிருக்கிறது. அடுத்த கவளத்தைக் கையில் பிடித்தபடியே மெல்லச் சொன்னார்: "வெலை ஏறலமா. நான்தான் ஏத்துனேன்."

ஒரு டப்பா ஆடி அசைந்து இறங்கி, சல்மாவின் கையில் உட்கார்ந்தது. அவர் பழைய விலையைத்தான் வாங்கினார்.

மற்றவை தாமாக இறங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பொழுது சாயும்வரை "நான்தான், இதுவும் நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக இறங்கியதால் யாராலும் அள்ளிக்கொண்டு போக முடியவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு ஆளுக்கொன்று கிடைத்தது. அதிகாரியும் ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனார்.

தான் ஏற்றவேயில்லை என்று கலைச்செல்வன் இன்றுவரை சொல்லிவருகிறார். அவருடைய தார்ப்பாய்கள் காற்றில் நகர்ந்து போய், மண்ணாடிப்பட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு மேலே நிற்கின்றன. களையெடுக்கும் பெண்கள் மதியச் சாப்பாட்டை அவற்றின் அடியில்தான் பிரிக்கிறார்கள். நல்ல நிழல்.