தெக்லா திட்டிய வண்டி

தெக்லா முதல் தடவை அந்த வண்டியைத் திட்டியபோது மிரெல்லாவின் காபிக் கடையில் யாரும் தலை நிமிரவில்லை. "ஜெரோலமோ வீட்டு அத்தி மரத்தடியில ஒரு மூணு சக்கரக் கோழிக்கூடு கிடக்கே, பார்க்கவே சகிக்கல" என்றாள், காபியைக் குடித்தாள், போனாள். மறுநாள் மறுபடியும் திட்டினாள், இந்த முறை ஹேண்டில்பாரைத் தனியாகக் குறிப்பிட்டு. மூன்றாம் நாள் பின் சக்கரங்களுக்கு வந்து சேர்ந்தபோது, கழுவிக்கொண்டிருந்த கோப்பையை மிரெல்லா கீழே வைத்துவிட்டாள். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. தெக்லா அந்த வண்டியை வாங்கப் பார்க்கிறாள்.

எங்கள் இத்தாலிய மலையூரான போர்காலோவில் ஆசைப்பட்ட பொருளை யாரும் புகழ்வதில்லை. புகழ்ந்தால் விலை ஏறும். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஆசை வந்துவிடும். ஆகவே ஆசை எவ்வளவோ அவ்வளவு திட்டு. பாதிரியாரே மிரெல்லாவின் பழைய குளிர்பெட்டியைப் பத்து நாள் பழித்துவிட்டுத்தான் வாங்கிப் போனார். விற்கிறவருக்கும் கடமை உண்டு. முதல் தடவை கேட்டால் "விக்கிறதா இல்ல" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மூன்றாம் தடவை நாற்காலியை எடுத்துப் போட்டுப் பேரத்தைத் தொடங்கலாம்.

தெக்லாவுக்கு ஆசை மட்டுமில்லை, அவசரமும் இருந்தது. அவளுடைய எண்பது ஆலிவ் மரங்களும் மலையின் மேல் அடுக்கில் நிற்கின்றன. அங்கே போகிற பாதையில் இரண்டு கையையும் விரித்தால் இரு பக்கச் சுவரும் விரலில் தட்டும். கார் ஏறாது, டிராக்டர் ஏறாது. இத்தனை காலம் கோவேறு கழுதை ஒன்று பெட்டிகளைச் சுமந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் அது கண்ணை மூடிவிட்டது. தெக்லாவுக்கு வயது ஐம்பத்தெட்டு, முட்டி பழுது. உதிர்த்த காயை இரண்டு நாளைக்குள் செக்குக்குக் கொண்டுபோகாவிட்டால் பெட்டியிலேயே புழுங்கிப் போகும். ஒன்றுவிட்ட தம்பி ஒத்தாவியோ அந்த நிலத்தின்மேல் இருபது வருஷமாகக் கண் வைத்திருந்தான். "நவம்பர்ல வர்ற புனித மார்ட்டின் திருநாளுக்குள்ள ஒரு பதில் சொல்லிரு அக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று கழுதை செத்த துக்கத்தை விசாரிக்க வந்தபோதே சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பாதையில் ஏறக்கூடியது ஊரில் ஒன்றே ஒன்றுதான், ஜெரோலமோவின் மூன்று சக்கர வண்டி. கொத்தனாராக இருந்த காலத்தில் ஊரின் பாதி வீடுகளுக்கு அதில்தான் மணலும் கல்லும் ஏற்றினார். இடுப்பு போனதும் பதினொரு வருஷத்துக்கு முன்னால் அத்தி மரத்தடியில் நிறுத்தியது. மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பக்கம் கோழிகள்தான் போய்வந்தன.

வாங்கலாமா, வேண்டாமா? கோழிக்கு வீடானது மனுஷிக்கு வண்டியாகுமா? ஒரு சனிக்கிழமை, மெக்கானிக் ஃபுல்வியோவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்றாள் தெக்லா. மெக்கானிக்கோடு, டார்ச் லைட்டோடு, சும்மா.

"பாருங்க, பாருங்க. விக்கிறதா இல்ல" என்றார் ஜெரோலமோ. சீட்டிலிருந்து கோழியை விரட்டி இரண்டு முட்டையைத் தொப்பிக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஃபுல்வியோ கதவைத் திறந்தான். கதவு கையோடு வந்தது. "ஐயையோ! தரையைக் காணோமே! உள்ள உட்கார்ந்துக்கிட்டே ரோட்டுல நடக்கலாம் போல" என்று ஊருக்கே கேட்கும்படி அலறினான். அப்புறம் அடியில் படுத்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் முழுக்கத் துரு தேடித் திருப்புளியால் குத்திப் பார்த்தான். எங்கும் உள்ளே இறங்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டுக் கையால் சுழற்றினான். இன்ஜின் தடங்கல் இல்லாமல் சுற்றியது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்த தெக்லா அவன் காலை நன்றாக மிதித்தாள்.

"செத்துப்போச்சு!" என்றான் ஃபுல்வியோ, அவசரமாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

தெருமுனை திரும்பியதும் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "அக்கா, இன்ஜின் வெண்ணெய்! சேசிஸ் கருங்கல்லு. தரைக்குத் தகடு, டயரு, வயரு, பிரேக்கு. மூணு வாரம் குடு எனக்கு."

"பிரேக்கே இல்லையாடா?"

"இன்னைக்கு இல்ல. இப்படியே ஓட்டினா உன் காய்க்கு முன்னாடி நீ செக்குக்குப் போயிருவ."

தெக்லா வாங்குவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டதால் இன்னும் பலமாகத் திட்ட வேண்டியதாயிற்று. கல்யாணங்களில் பழைய வண்டியில் வைத்து ஒயின் ஊற்றிக் கொடுக்கும் ஜெனோவாக்காரன் ஒருவன் மலையூர்களில் வண்டி தேடி அலைகிறான் என்று வேறு ஒரு பேச்சு. திட்டு அவன் காதுக்கு எட்டி, அவன் வந்த வழியே திரும்ப வேண்டுமே! கோயில் வாசலில் திட்டினாள், செக்கடியில் திட்டினாள், ரொட்டிக் கடை வரிசையில் நின்றபடி திட்டினாள். அந்தத் துரு கீறினால் ரணஜன்னி நிச்சயம் என்றாள். அதில் அடைகாத்த கோழிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றாள். இவ்வளவு ஆசையா இவளுக்கு என்று எங்களுக்கே கூச்சமாகப் போய்விட்டது.

இதில் யாரும் கணக்கில் எடுக்காத ஆள் ஒன்று இருந்தது. ஜெரோலமோவின் மருமகள் லொரெதானா, சின்னக் குழந்தையோடு ஒரு மாதம் தங்க வந்திருந்தாள். அவள் பொலோன்யாக்காரி. அங்கே நல்லதை நல்லது என்பார்களாம். வேண்டியதை வேண்டும் என்றே கேட்பார்களாம். எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ! கோழி, ரணஜன்னி எல்லாவற்றையும் ரொட்டிக் கடையில் கேட்ட அந்தப் பெண் அப்படியே நம்பிவிட்டாள். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் இதை வைத்திருப்பதா? காயலான் கடைக்குப் போன் போட்டாள். வேண்டியதை வேண்டும் என்று சொல்லத் தெரியாத ஜெரோலமோ கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை மிரெல்லா மூச்சிரைக்கத் தெக்லாவின் வாசலில் வந்து நின்றாள். "அடியே, உன் திட்டு பலிச்சிருச்சுடி! காயலான் கடை லாரி வந்து நிக்குது!"

தெக்லா பழுதான முட்டியோடு எண்பது படி ஏறியதை ஊரே பார்த்தது. ஊரே அங்கேதான் இருந்தது, ஒத்தாவியோ உட்பட. வண்டியின் மூக்கில் இரும்புக் கயிற்றை மாட்டிவிட்டிருந்தார்கள்.

"நிறுத்துங்கய்யா!"

"வாங்க தெக்லாம்மா" என்றாள் லொரெதானா. "நீங்க சொன்னதுதான் சரி. இன்னையோட ஒழிச்சிடறேன்."

"அது வந்து... நான் சொன்ன அளவுக்கு..." தெக்லாவின் கழுத்தெல்லாம் வியர்த்தது. "அவ்வளவு மோசமில்ல."

கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. இதைவிடப் பெரிய பாராட்டைப் போர்காலோவில் கல்யாண வீட்டில்கூடக் கேட்டதில்லை.

"மோசமில்லன்னா? நல்லாருக்குங்கறீங்களா?"

"நல்லாருக்குன்னு எப்படிம்மா வாய்விட்டு..."

"சுத்தி வளைக்காதீங்க. உங்களுக்கு இந்த வண்டி வேணுமா, வேண்டாமா?"

அப்படி ஒரு கேள்வியை எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்டதில்லை. தெக்லா வண்டியைப் பார்த்தாள். ஒத்தாவியோவைப் பார்த்தாள், அவன் பல்லெல்லாம் தெரிந்தது. மேலே, சுவர்களுக்கு அப்பால், காய் கறுக்கத் தொடங்கிவிட்ட தன் மரங்களைப் பார்த்தாள்.

"வேணும்" என்றாள்.

யாரோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஜெரோலமோ வாய் திறந்தார். "வேண்டாம் தெக்லா. சனியன் அது. ரெண்டாவது கியர் நழுவும். மழைன்னா கிளம்பாது. ஏத்தத்துல இடது பக்கம் இழுக்கும். திமிர் புடிச்சது, யார் பேச்சும் கேக்காது..." சொல்லிக்கொண்டே போனார். அவர் கை வண்டியின் முன் மட்கார்டைத் தடவிக்கொண்டே இருந்தது.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு பொருளை இவ்வளவு பொறுமையாக, ஒவ்வொரு அங்கமாகத் திட்டி யாரும் கேட்டதில்லை. தெக்லாவுக்கும் புரிந்துவிட்டது.

"நீ ஓட்டின லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே" என்றாள், கொஞ்சம் தணிந்த குரலில். "ஆனா அதோட திமிர் எனக்குப் புரியாது. வண்டி என்னோடது. அறுவடைக்கு நீ வந்து ஓட்டு."

"என் இடுப்பு?"

"உட்கார்ந்துதானேய்யா ஓட்டப் போற."

"சீட்டு ஒண்ணுதான் இருக்கு."

"நான் பின்னாடி பெட்டி மேல உட்கார்ந்துக்கறேன்."

விலையை லொரெதானாவே ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். லாரிக்காரர் தருவதாகச் சொன்ன தொகை, கூடப் பத்து லிட்டர் புது எண்ணெய். பேரம் பேசாமல் வியாபாரம் முடிந்த அவமானத்தில் தெக்லாவும் ஜெரோலமோவும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஃபுல்வியோவுக்கு மூன்று வாரம் போதவில்லை, நான்கானது. நவம்பர் கடைசியில் மேல் அடுக்கிலிருந்து நீலப் புகையும், தகரக் கூரையில் கல் உருட்டுகிற சத்தமும் இறங்கி வந்தன. முன்னால் ஜெரோலமோ, பின்னால் ஆலிவ் பெட்டிகளின் உச்சியில், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அவரை ஏசியபடி தெக்லா. காய் பறித்த அன்றே செக்கில் விழுந்தது. திருநாள் கடந்தும் பதில் கிடைக்காத ஒத்தாவியோ வழியில் நின்று பார்த்துவிட்டு, "அந்தக் கல்லுக் காடு எவனுக்கு வேணும்" என்றான். ஆக, ஆசை இன்னும் விடவில்லை.

அறுவடை முடிந்த வாரம் ஜெரோலமோ காபிக் கடைக்கு வந்தார். "அந்தத் தெக்லா வைக்கிற சூப்பு இருக்கே, பாத்திரம் கழுவின தண்ணி" என்றார். நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். மறுநாள் அவள் குரலைப் பற்றி ஆரம்பித்தார். ஆலிவ் பெட்டிமேல உட்கார்ந்து பாடுறா, பறவையெல்லாம் ஊரைவிட்டே போயிருச்சு என்றார். மூன்றாம் நாள் அவள் மூக்குக்கு வந்தார்.

மிரெல்லா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.