சாம்பல் நிறக் கைப்பிடிகள்

"சீக்கிரம் முடுக்குப்பா, கார் வந்துருச்சு" என்று சொல்லி, விலக்கிப் பார்த்த ஜன்னல் திரையை விட்டாள் ஹெட்டி.

சாவு வீடென்று திரைகளையெல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். முன்னறையில் அவள் கணவர் ஆல்ஃபின் சவப்பெட்டி. அவரோடு பட்டறையில் வேலை பார்த்த கிளிஃப் மண்டியிட்டுக் கடைசிக் கைப்பிடியை முடுக்கிக்கொண்டிருந்தான். சவப்பெட்டிக்காரர் போட்டிருந்த, பித்தளைப் பூச்சடித்த பிளாஸ்டிக் பிடிகள் அவன் காலடியில் கிடந்தன. புதியவை சாம்பல் நிறம். ஏவுகணை வேலையில் வெட்டி மிஞ்சிய டைட்டானியம்.

தொழிற்சாலை நேரத்தில் வீட்டுக்கென்று ரகசியமாய் ஏதாவது கடைந்துகொள்வது அந்த ஊர்ப் பட்டறைகளில் உள்ள வழக்கம்தான். அடுப்புக் கிளறியோ பிள்ளைக்குப் பொம்மை வண்டியோ என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்த உலோகம் அப்படியல்ல. ஒரு துண்டு வெளியே போனாலும் வேலை போய்விடும். ஆட்குறைப்புக்குச் சாக்குத் தேடும் காலம் வேறு. கிளிஃபின் மனைவி நிறைமாதம். இப்போது காரிலிருந்து இறங்குகிறவனோ அந்த உலோகக் கிடங்கின் மேற்பார்வையாளன். ஹெட்டியின் மகன் கார்டன்.

அப்பாவும் மகனும் பேசி இரண்டு வருஷமாகிறது. ஆயுதம் செய்தால்தான் சோறு என்றில்லை, இதே இயந்திரங்களில், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் பண்ணும் இயந்திரம் செய்யலாம், வீட்டுக்குச் சூடு தரும் கருவி செய்யலாம் என்று ஆல்ஃபும் கூட்டாளிகளும் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். நிர்வாகம் திருப்பியனுப்பியது. "ஊருக்கு உபகாரம் பண்ணவா கம்பெனி நடத்துறாங்க?" என்று கார்டன் இந்த அறையில்தான் கேட்டான். ஆல்ஃப் எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து வைத்தார்.

போன மாதம் அவருக்கே சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியில் இயந்திரம் போதாது, வயதில் சின்னவர்களுக்குத்தான் முதலில் என்றுவிட்டார்கள்.

கார்டன் தொப்பியைக் கழற்றியபடி வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு கைப்பிடியைக் கட்டைவிரலால் தடவினான். விரல் அப்படியே நின்றது.

அடுக்களையில் கெட்டில் கூவிற்று. ஹெட்டி நகரவில்லை.

"எங்க கிடங்குச் சாமான்" என்றான் கார்டன்.

கிளிஃப் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். "ஆமாங்க சூப்பர்வைசர் ஐயா. இத்தனை வருஷத்துல அந்த உலோகத்துல உருப்படியா செஞ்சது இது ஒண்ணுதான். போட்டுக் குடுக்கறதுன்னா குடு. அவரைப் புதைச்சுட்டு வந்து குடு."

ஹெட்டி ஏறிட்டுப் பார்த்தாள். மகன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவன் குனிந்து பிளாஸ்டிக் பிடிகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தன் மேல்கோட்டுப் பைகளில் திணித்தான்.

"மேனேஜர் கல்லறைக்கு வர்றார். கேட்டா நான் பேசிக்கறேன்" என்றான். பிறகு, "தலைமாட்டுப் பக்கம் தூக்கறது யாரு?" என்று கேட்டான்.

"உனக்குன்னுதான் விட்டிருக்கோம்" என்றான் கிளிஃப்.

நடை குறுகல். தோளில் ஏற்ற இடமில்லாமல் கைப்பிடிகளைப் பற்றியே பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறினார்கள்.

கல்லறையில் மேனேஜர் பெட்டியை உற்றுப் பார்த்தார். "நல்ல கைப்பிடி" என்றார் மெதுவாக.

"சவப்பெட்டிக்காரர் போட்டது சார். நல்ல சாமானாத்தான் வச்சிருக்கார்" என்றான் கார்டன்.

மேனேஜர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மண் விழுந்தது. எல்லாரும் நகர்ந்த பிறகு கார்டன் அம்மாவிடம் வந்தான். குனிந்து அணைத்தபோது, உப்பியிருந்த பைகளுக்குள் பிளாஸ்டிக் கடகடத்தது. அது ஓயும்வரை ஹெட்டி அவனை விடவில்லை.