பழைய பெட்டியின் தாளம்

ஸ்பீக்கரில் மறுபடியும் 'டிக்' என்றது. கொசு தலையைக்கூடத் திருப்பவில்லை.

கொசு என்பது தங்கைக்கு அக்கா வைத்த பெயர். வேலை செய்யும்போது சதா எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பாள் என்பதால் வந்தது. அக்கா போன பிறகு அந்த ரீங்காரம் நின்றுவிட்டது. சாவு வீட்டில் எல்லாரும் அழுதபோது இவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "கல்நெஞ்சக்காரி" என்று ஒரு சித்தி காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அழுகை வந்தால்தானே அழ முடியும்?

இப்போது சாயங்காலத்துக்குள் இந்த டிக் ஒழிய வேண்டும். ஆவணப்பட இயக்குநர் ஒருவர் வந்து தன் படத்தின் ஒலியைக் கேட்டு முடிவு சொல்லப்போகிறார். அவர் முகம் சுளித்தால் வேலை வேறு இடத்துக்குப் போய்விடும். அதுவும் போனால் ஸ்டுடியோவை மூடிவிடலாம் என்று கொசுவும் அக்கா புருஷனும் பேசி வைத்திருந்தார்கள். சுவரில் பஞ்சு ஒட்டியதிலிருந்து கதவுக்கு ரப்பர் வைத்தது வரை அக்காவும் தங்கையும் தங்கள் கையாலேயே உருவாக்கிய ஸ்டுடியோ.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக எதை மாட்டினாலும், கடைசியில் அக்கா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு அறைக்குள் போய் மைக் முன்னால் ஒருமுறை கை தட்டுவாள். "வந்துச்சா?" என்பாள். "வந்துச்சு" என்று கொசு சொன்னால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

மாமா, அதாவது அக்கா புருஷன், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒலியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பூஜ்யம். ஆனாலும் கடையை அடைத்துவிட்டு வந்து, மேசைக்கடியில் தவழ்ந்து, கொசு கை காட்டிய கேபிளையெல்லாம் பிடுங்கிப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப தெளிவா இருக்கா? முன்னாடி தெளிவா இருந்துச்சா?"

"இது கண் டெஸ்ட் இல்ல மாமா."

டிக்.

"எல்லாத்தையும் மாத்தியாச்சு. இனிமே என் பெல்ட்டைத்தான் கழட்டி மாட்டணும்."

அவள் சிரிப்பதற்கு மாமா கொஞ்சம் இடம் விட்டுப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

கோளாறு கேபிளில் இல்லை. அது கொசுவுக்குக் காலையிலேயே தெரியும். டிஜிட்டல் ஒலி என்பது பெட்டிக்குப் பெட்டி கைமாறும் எண்கள்தான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. ஆளுக்கொரு நேரம் பார்த்தால் எண்கள் முன்பின்னாக வந்து ஒலியில் டிக் டிக்கென்று விழும். அதனால் ஒரு பெட்டியை மாஸ்டர் ஆக்கி, மற்றதையெல்லாம் அதன் தாளத்துக்கு நடக்கவைக்க வேண்டும். இங்கே ஆரம்பத்திலிருந்தே மாஸ்டர் அக்காவின் பழைய பெட்டிதான். முகப்பில் அக்காவின் நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. இப்போதெல்லாம் சூடேறினால் அதன் தாளம் தள்ளாடுகிறது. ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பப் புதிதாக வந்த மானிட்டர் பெட்டி, பாவம், தள்ளாடுகிறவர் பின்னால் நடக்கப் பார்த்து இடறிக்கொண்டிருந்தது. புதியதை மாஸ்டராக்கிப் பழையதைப் பின்னால் வரச் சொன்னால் தீர்ந்தது. ஒரு கேபிளைத் திருப்பிப் போட்டு ஒரு பட்டனை அழுத்தும் வேலை.

அந்தப் பட்டனைத் தொடத்தான் அவளுக்குக் கை வரவில்லை. அதற்காக ஒரு மனுஷனை இவ்வளவு நேரம் தவழவிட்டிருக்கிறாள்.

"மாமா, எந்திரிங்க. கேபிள் இல்ல. அக்கா பெட்டி. அதை மாஸ்டர்ல இருந்து எடுக்கணும்."

மாமா மேசையில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

"காலையிலயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சே என் முட்டியைத் தேய விட்டிருக்க."

"ம்."

"எடுத்துட்டா அது ஓடாதா?"

"ஓடும். ஆனா இனி இந்தப் புதுசு சொல்றபடிதான் ஓடும்."

"உங்க அக்கா யாரு சொல்லி எதைக் கேட்டிருக்கா?" என்றார் மாமா. சோபாவில் போய் உட்கார்ந்தார். "சரி, போடு. வேற வழி இல்லன்னா போடு."

கொசு போட்டாள். பழைய பெட்டியின் விளக்கு சிவப்பாகச் சிமிட்டி, கொஞ்சம் முரண்டு பிடித்து, பச்சையானது. படத்தை முதலிலிருந்து ஓட்டினார்கள். படகுக்காரர் பேசினார், துடுப்பு தண்ணீரைத் தள்ளியது, மழை பெய்து ஓய்ந்தது. டிக் இல்லை. கொசுவுக்கு அதில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் கைக்குத் தெரிந்திருந்தது. கை போய் உள்ளறையோடு பேசும் பட்டனை அழுத்தியது.

"அக்கா, ரெடி. தட்டு."

காலி அறையில் அவள் குரல் கேட்டது. அங்கே ஒரு மைக்கும் ஒரு ஸ்டூலும்தான் இருந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விரலை எடுத்துக்கொண்டாள்.

சோபா கிறீச்சிட்டது. மாமா எழுந்து, கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மைக் முன்னால் போட்டோவுக்கு நிற்பது போல் நின்றார். பிறகு ஒருமுறை கை தட்டினார். ஸ்பீக்கரில் அது சுத்தமாக வந்து விழுந்தது.

"வந்துச்சா?"

இத்தனை நாளும் எங்கே இருந்ததோ, கொசுவுக்கு அழுகை மொத்தமும் ஒரேயடியாக வந்தது. பட்டனை அழுத்தினால்தான் அவள் குரல் உள்ளே கேட்கும்; அழுத்த முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தாமல் அழுதாள். உள்ளறை வெளிச்சம் கண்ணாடியில் பளபளத்ததில் மாமாவுக்கு இந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

"கொசு? வந்துச்சா?"

பதில் இல்லாததால், வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மாமா இன்னும் பலமாகத் தட்டினார்.