சகலைகளின் கடிதப் போக்குவரத்து

அந்த அலுவலகத்தின் தபால் பிரிவில் இரண்டே பேர். வருகிற தபாலுக்கு மூத்த மாப்பிள்ளை, போகிற தபாலுக்கு இளைய மாப்பிள்ளை. அக்காவைக் கட்டியவர் ஒருவர், தங்கையைக் கட்டியவர் மற்றவர். ஒரே வீட்டில் பெண் எடுத்த புண்ணியத்துக்கு, ஒரே அறையிலும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

வினை மச்சானின் கல்யாணத்தில் வந்தது. "உங்க ரெண்டு பேருக்கும் ஆபீஸ்ல என்ன வேலை?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் லெட்டர் அனுப்புறேன். சகலை கவர் கிழிக்கிறார்" என்றார் இளையவர்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மூத்தவரின் மனைவியும் சிரித்ததுதான் வெந்த புண்ணில் வேல். இருபத்திரண்டு வருடமாக ஸ்கேல் வைத்து ஓரம் பிசகாமல் வெட்டி, தேதி முத்திரை குத்தி, எண் போட்டு, பிரிவு பார்த்து அனுப்புகிற மனுஷன். கிழிக்கிறாராம்!

மறுநாளிலிருந்து பேச்சு நின்றது. வேலை நிற்குமா? கோந்து பாட்டில் சகலையின் மேசையில் இருந்தது. மூத்தவர் வெள்ளைத்தாளில் எழுதினார்: 'மேற்படி பாட்டில் தங்கள் வசம் உள்ளதாகத் தெரியவருகிறது. திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.'

கடிதம் என்றால் முறை என்று ஒன்று உண்டல்லவா? முதலில் அது இளையவரிடம் போய் அனுப்புகை எண் வாங்கியது. பிறகு, வந்த தபால் ஆகிவிட்டபடியால், மூத்தவரிடமே திரும்பி முத்திரை வாங்கியது. அதன் பிறகுதான் இளையவருக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கடி தூரத்தை மூன்று தடவை நடந்த அலுவலக உதவியாளர், "உங்க சண்டையில என் முட்டி தேயுது சார்" என்று புலம்பினார். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலோடு பாட்டில் வந்தபோது கோந்து காய்ந்து கல்லாகியிருந்தது.

அப்புறம் ஜன்னல், மின்விசிறி, பொது நாற்காலி என்று கடிதங்கள் பெருகின. மேலாளருக்கு வாயெல்லாம் பல். மூன்றே மாதத்தில் தபால் எண்ணிக்கை இரட்டிப்பு! தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதையும் மூத்தவர்தான் ஓரம் பிசகாமல் வெட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் மனைவி போனில் அழுதாள். "அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. தங்கச்சி அவங்க கூட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா, நானும் கிளம்பிட்டேன். அவ வீட்டுக்காரர் போனை எடுக்க மாட்டேங்கிறாராம். நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க."

மூத்தவரின் கை தன்னாலே வெள்ளைத்தாளை இழுத்தது. 'தங்கள் மாமியார்' என்று எழுதியும் விட்டார். அடுத்து என்ன எழுதுவது? 'விழுந்ததாகத் தெரியவருகிறது' என்றா? இன்று எண் போட்டால் வியாழக்கிழமை போய்ச் சேரும். அவருக்கே தன்னை நினைத்துக் கூசியது. தாளைக் கசக்கினார். நாற்காலியைத் திருப்பினார்.

"சகலை!"

இளையவர் திடுக்கிட்டு எழுந்ததில் மைப்பெட்டி கவிழ்ந்தது.

"அத்தை விழுந்துட்டாங்களாம். கிளம்புங்க, வண்டியை நான் எடுக்கிறேன்."

வழியில் ஒரு சிக்னலில் பின்னாலிருந்து குரல் வந்தது. "அன்னைக்குக் கல்யாணத்துல... சும்மா விளையாட்டாச் சொன்னேன் சகலை."

"தெரியும். இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? ஜன்னலைச் சாத்தச் சொல்லி நீங்க லெட்டர் போட்டுட்டீங்க. அதுக்கு முதல்ல பதில் போடணுமே."

ஆஸ்பத்திரியில் மாமியார் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். வலியில் முனகியவர், வாசலில் இரண்டு மாப்பிள்ளைகளும் தோளோடு தோள் நிற்பதைக் கண்டு வெலவெலத்துப் போனார். மகள்களைப் பார்த்து ரகசியக் குரலில் கேட்டார்:

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்காங்களே... டாக்டர் என்கிட்ட எதையாவது மறைக்கிறாராடி?"