பதினோரு பெட்டிகள், ஒன்பது பூட்டுகள்

நாள் முழுக்கத் திரையில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்ததால் அலுவலகத்தில் அவன் பெயரே ‘கட்டம்’ என்று ஆகிவிட்டது. “என்னப்பா, கட்டத்துக்கே கட்டம் சரியில்லையா?” என்ற நகைச்சுவையை ஆளாளுக்குத் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சிரித்து வைப்பான். ஏழு மாதத்துக்கு முன்பு வரை, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நைட் ஷிஃப்ட் ஹெல்ப்டெஸ்கில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு “ஒருதடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அதோடு ஒப்பிட்டால் எந்த நகைச்சுவையையும் தாங்கிக்கொள்ளலாம்.

அங்கே இருந்த இரண்டு வருடமும் அவன் மனைவியை வாசற்படியில்தான் பார்த்தான். அவன் உள்ளே வரும்போது அவள் வெளியே போவாள். ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டித்தான் குடும்பம் நடந்தது. அவளும் இதே கம்பெனிதான், மூன்றாவது மாடியில் டெஸ்டர். பிறர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். இப்போது அவன் செய்வதில் கண்டுபிடிக்கிறாள். வீட்டில் செய்வதுதானே என்று அதையும் அவன் தாங்கிக்கொண்டான்.

மேலாளர் போன மாதம் அவன் தலையில் கட்டிய வேலை இது. கம்பெனி விற்கும் அலுவலக மென்பொருளில் கடிதம் ஒரு பக்கம், காலண்டர் ஒரு பக்கம், லீவு ஒரு பக்கம், கோப்பு ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தன. காலையில் திறந்தவுடன் எல்லாவற்றின் சுருக்கத்தையும் ஒரே பக்கத்தில் பெட்டி பெட்டியாகக் காட்டும் டாஷ்போர்டு வேண்டும். வேண்டிய பெட்டியை மேலே இழுத்துக்கொள்ளலாம், வேண்டாததைத் தூக்கிப் போடலாம். அவரவர் இஷ்டம்.

“புதன்கிழமை நம்ம ஆளுங்களே நாப்பது பேரு ஓட்டிப் பாக்கப் போறாங்க,” என்றார் மேலாளர். “புடிச்சா சரி. புடிக்கலைன்னா கீழ ஹெல்ப்டெஸ்க்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. உனக்குப் பழகின நாற்காலி.”

வரைவதும் அவன்தான், அதை ஓட வைப்பதும் அவன்தான். மூன்று வாரத்தில் முடித்தான். பிறகு துறைத் தலைவர்கள் வந்தார்கள்.

முதலில் வந்தது ‘லீவு மேடம்’. எந்த லீவுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். “அவங்கவங்க இஷ்டம்னா என்ன அர்த்தம்? என் லீவு விதிகள் பெட்டியைத் தூக்கிப் போட்டுடுவாங்களா?”

“போடலாம் மேடம். அதுக்குத்தான்...”

“அதுக்கு மட்டும் ஒரு பூட்டுப் போட்டுடுங்க.”

அடுத்து பாதுகாப்புத் துறைக்காரர். ‘பாஸ்வேர்டு’ என்றால்தான் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி உயிரை எடுப்பவர். அவருக்கும் ஒரு பூட்டு. அடுத்தடுத்து வந்த தலைவர்களுக்கும். கடைசியில் மேலாளரே, ‘மேலாளரின் இன்றைய சிந்தனை’ என்று தன் படத்தோடு ஒரு பெட்டி கேட்டார். கேட்டவர் முகத்தைப் பார்த்து ஒருவரிடமும் ‘முடியாது’ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பூட்டு எல்லோர் திரையிலும் நிற்க வேண்டுமென்றால் பெட்டிகளின் வரிசையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எனவே ஆளுக்கொரு வரிசையாகச் சேமித்து வைத்திருந்ததை, அலுவலகத்துக்கே ஒரே வரிசையாக மாற்றினான். கணக்குப் பார்த்தால் பதினோரு பெட்டி, ஒன்பது பூட்டு. இஷ்டப்படி நகர்த்த மிஞ்சியவை கடிகாரமும் வெயில் நிலவரமும்தான்.

செவ்வாய்க்கிழமை மனைவியின் அறிக்கை வந்தது. ஒரே வரி: ‘உருப்படியான எதையும் நகர்த்த முடியவில்லை; இது டாஷ்போர்டு அல்ல, நோட்டீஸ் போர்டு.’

அவளுடைய மேசைக்கு ஓடினான். “ஏம்மா, கொஞ்சம் பாத்து எழுதக்கூடாதா?”

“பாத்துத்தாங்க எழுதினேன். நாளைக்கு நாப்பது பேரும் இதைத்தான் சொல்லப் போறாங்க. கீழ போறதுக்கு இப்பவே போர்வை எடுத்து வச்சிடவா?”

அன்று மாலையே ஒன்பது பூட்டுகளையும் கழற்றினான். தலைவர்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே நகர்த்தப் போவதில்லை; பூட்டு போனது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பது அவன் கணக்கு. பூட்டைக் கழற்றினானே தவிர, வரிசை இன்னும் எல்லோருக்கும் ஒன்றாகவே கிடக்கிறது என்பதை மறந்து தொலைத்தான்.

புதன் காலை பத்து மணிக்கு நாற்பது பேரும் திறந்தார்கள். இரண்டு நிமிடம் பார்த்தார்கள். பிறகு பெட்டிகள் ஆட ஆரம்பித்தன.

ஒருவர் காலண்டரை மேலே ஏற்றினால் நாற்பது திரையிலும் ஏறியது. இன்னொருவர் அதை இறக்கினால் நாற்பதிலும் இறங்கியது. தாங்கள் தொடாமலே பெட்டி ஓடுவதைக் கண்டு சிலர் பேயறைந்தமாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்கு ரோஷம் வந்துவிட்டது. “யாருய்யா என் கடிதப் பெட்டியைத் தூக்கினது?” “நீங்கதான் சார் என் காலண்டர் மேல உக்காந்திருக்கீங்க!” லீவு மேடம் தன் விதிகளை மேலே இழுத்து, அது நழுவாமல் இருக்க மவுஸை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மேலாளரின் சிந்தனை நாலாவது நிமிடத்திலேயே காணாமல் போயிருந்தது. அவர் திரும்பச் சேர்த்தார். போனது. சேர்த்தார். யாரோ அவர் முகத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, வெயில் நிலவரத்துக்குக் கீழே ஒட்டினார்கள். அவர் பாஸ்வேர்டை அழைத்தார். பாஸ்வேர்டு குனிந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “சார், எதையும் தொடாதீங்க. உள்ள யாரோ இருக்காங்க,” என்றார்.

கட்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்திருப்பதற்குள் மனைவி வந்து நின்றாள்.

“பிழை ஒண்ணுதான். ஆனா பெருசு. எழுதிட்டேன்.”

“சின்னப் பிழைன்னு போட்டுடேன். உன் கால்ல வேணா விழறேன்.”

“பொண்டாட்டிகிட்ட கேக்குறீங்களா, டெஸ்டர்கிட்ட கேக்குறீங்களா?”

“ரெண்டு பேர்கிட்டயும்தான்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். எந்திரிச்சுப் போய் நீங்களே சொல்லுங்க.”

போய்ச் சொன்னான். மேலாளர் அறையில் தலைவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். உள்ளே இருந்தது திருடன் இல்லை, கட்டம்தான் என்று தெரிந்ததில் பாஸ்வேர்டுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம்.

“ரெண்டு மணிக்குள்ள சரி பண்ணு,” என்றார் மேலாளர். “என் பெட்டிக்குப் பூட்டு வரணும். இவங்க பெட்டிக்கும் வரணும். நாப்பது பேருக்கும் புடிக்கவும் வேணும். முடியலைன்னா கீழ போயிடு.”

இருக்கைக்குத் திரும்பித் திரையைப் பார்த்தான். நாற்பது பேரும் இழுத்துக் களைத்து ஓய்ந்திருந்தார்கள். பதினொன்றில் மிஞ்சியவை மூன்றே பெட்டிகள்: இன்று யார் வரவில்லை, எந்தக் கூட்டம் ரத்து, யார் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் தூக்கிப் போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்ததில் மனிதர்களுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

அந்த மூன்றையும் எல்லோருக்கும் தொடக்கமாக வைத்தான். வரிசையை மறுபடி ஆளுக்கொன்றாகப் பிரித்தான். பிறகு பூட்டுக்கு வந்தான். பூட்டையும் ஆளுக்கொன்றாக்கினான். யார் பூட்டுகிறாரோ அவர் திரையில் அந்தப் பெட்டி மலைபோல் நிற்கும். அடுத்தவர் திரையில் அந்தப் பெட்டியின் சுவடே இருக்காது. தலைவர்களின் பெட்டிகளை அவரவர் திரையில் அவனே பூட்டி வைத்தான்.

ஒன்றரைக்கு மனைவி இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தாள். ஒன்றில் மேலாளர் முகம் மேலே ஜம்மென்று இருந்தது. மற்றதில் இல்லை. அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதை எங்கயாவது எழுதியிருக்கீங்களா?”

“உதவிப் பக்கத்துல. மூணாவது பத்தி. தடிமனான எழுத்து.”

போய்ப் படித்துப் பார்த்தாள். இருந்தது. “எழுதியிருந்தா அது பிழை இல்ல,” என்று ‘சரி’ போட்டாள்.

மாலை நாலு மணிக்கு நாற்பது பேரிடமும் கேட்டார்கள். முப்பத்தாறு பேருக்குப் பிடித்திருந்தது. லீவு மேடம் காலையில் மவுஸைப் பிடித்த விரல்களை நீவிக்கொண்டிருந்தார்; அவர் திரையில் விதிகள் அசையாமல் நின்றன. மேலாளர் கூடத்துக்கே வந்துவிட்டார்.

“பாத்தியா? ரெண்டு மணியிலருந்து என் பெட்டி ஒரு இஞ்ச் நகரலை! எல்லாரும் படிக்கிறாங்கன்னு அர்த்தம். நீ கீழல்லாம் போக வேணாம்ய்யா, அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்.”

கட்டம் வாயைத் திறந்தான். மனைவி முந்திக்கொண்டாள்: “பூட்டு யார் யாருக்குத் தெரியும்னு உதவிப் பக்கத்துல எழுதியிருக்கு சார். ஒருதடவை படிச்சிடுங்க.”

“படிப்போம், படிப்போம்,” என்று கையை ஆட்டிக்கொண்டே அவர் போய்விட்டார்.

ஆறு மணிக்கு இருவரும் ஒன்றாக பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அவள் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நாளையிலருந்து மேலாளர் ஒரு நாளைக்கு ரெண்டு சிந்தனை போடப் போறாராம்.”

“போடட்டும்,” என்றான். “படிக்க ஒரு ஆள் இருக்காருல்ல.”